சாமி உண்டா இல்லையா, பிள்ளைக்கு என்ன சொல்வது? வேலூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளை வளர்க்கிறவர்கள் என்னிடமும் என் கணவரிடமும் மாறி மாறிக் கேட்பவை இவை. பள்ளி வாசலில் கேட்டார்கள், கல்யாணப் பந்தியில் கேட்டார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதுகூடக் கேட்டார்கள். சட்டம் வருகிற இடத்தில் சட்டம் சொல்வதை எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் எங்கள் வீட்டு நடைமுறை, என் கருத்து.

முதலில் நீங்கள் எந்தப் பக்கம், அதைச் சொல்லுங்கள்.

நான் குடியாத்தத்துக்காரி. நெசவுக் குடும்பம். அம்மன் கோவில், ஆடி மாதக் கூழ், வெள்ளிக்கிழமை விளக்கு எல்லாம் பார்த்து வளர்ந்தவள். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கணவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாமல் போகிறவர். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. பெரியவளுக்கு இப்போதைக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். சின்னவனுக்கு எல்லாச் சாமியும் வேண்டும், அதிலும் சுண்டல் தருகிற சாமி கட்டாயம் வேண்டும். யாரையும் மதம் மாற்றவும் எனக்கு எண்ணமில்லை, மதத்திலிருந்து மீட்கவும் எண்ணமில்லை.

வேலூர்க் கோட்டைக்குள் கோவில், மசூதி, சர்ச் மூன்றும் இருக்கின்றனவே. அதைக் காட்டியே பிள்ளைக்கு மத நல்லிணக்கம் சொல்லித் தரலாம்தானே?

தரலாம். ஆனால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அகழி ஓரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு "பார், மூன்று மதமும் ஒரே கோட்டைக்குள்" என்று சொல்லிக் கிளம்புவதுதான் வழக்கம். பிள்ளைகள் அதற்கு மேல் கேட்பார்கள்.

ஜலகண்டேஸ்வரர் கோவிலில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-ல் கொண்டுவந்து வைத்த பிறகுதான் பூசை மறுபடி தொடங்கியது. தொல்லியல் துறை அதை எதிர்த்தது. செயிண்ட் ஜான்ஸ் சர்ச் 1846-ல் கட்டியது. அங்கே ஆராதனை நடக்கிறது. மசூதி நவாப் காலத்துக் கட்டடம். அங்கே தொழுகைக்கு அனுமதி இல்லை. "அங்க மட்டும் ஏன் யாரும் போகக் கூடாது?" என்று பெரியவள் கேட்டாள். கோவிலில் பூசை வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள், நடந்தது. மசூதியிலும் தொழ வேண்டும் என்று கேட்கிறார்கள், இன்னும் நடக்கவில்லை என்று சொன்னேன். "அப்போ சமம் இல்லையே" என்றாள். இல்லைதான். மூன்று கட்டடம் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதாலேயே நியாயம் நடந்துவிட்டது என்று ஆகாது. ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்துக் கேட்டால் மழுப்பாமல் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதே கோட்டையில் இன்னொரு கதையும் இருக்கிறது. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புது மாதிரித் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று சென்னைப் படைத் தலைமை உத்தரவு போட்டது. இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஒரே உத்தரவில் மனம் புண்பட்டது. 1806 ஜூலை 10 விடியுமுன் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப் படை அன்றே அதை அடக்கிவிட்டது. திப்பு சுல்தானின் மகன்களை அங்கே காவலில் வைத்திருந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. பிள்ளைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அடுத்தவர் நெற்றியிலும் தாடியிலும் தலைத்துணியிலும் நாம் கை வைக்கக் கூடாது. நம்பிக்கை இல்லாத எனக்கும் அது பொருந்தும். "எதுக்கு இந்தப் பட்டை?" என்று கிண்டல் செய்யும் உரிமை எனக்குக் கிடையாது.

சாமி பயம் இல்லாத பிள்ளைக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும்?

இதைக் கேட்காதவர்களே இல்லை. நான் வள்ளிமலையைக் காட்டுவேன். முருகன் கோவிலுக்காகக் கூட்டம் ஏறுகிற அதே மலையில், பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இருக்கின்றன. போளூர்ப் பக்கம் திருமலையில் நேமிநாதரின் பெரிய சிலை இருக்கிறது. ஆரணி, போளூர்ப் பக்கத்து ஊர்களில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. உலகைப் படைத்தவர் என்று ஒரு கடவுளை சமணம் ஏற்பதே இல்லை. ஆனால் பூச்சி விழுந்து சாகுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள் அவர்கள். படைத்தவன் தண்டிப்பான் என்ற பயம் இல்லாமலே ஒழுக்கம் இருக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் வடாற்காட்டிலேயே இருக்கிறது. (சமணத்தில் வினைப்பயன் உண்டே என்று மடக்குவீர்கள். உண்டு. ஆனால் பக்கத்தில் நின்று கணக்கெழுதும் சாமி இல்லை.)

நடைமுறையில் பார்த்தால், சின்னப் பிள்ளை ஒழுக்கத்தை எடுத்துக்கொள்வது கடைத்தெருவில். மார்க்கெட்டில் காய்க்காரம்மா பத்து ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்துவிட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பிள்ளை பார்க்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தனி டம்ளரா, அதே டம்ளரா என்று பார்க்கிறது. தனி டம்ளர் வைத்திருக்கிற வீட்டில் தினம் மூன்று வேளை பூசை நடந்தாலும், பகுத்தறிவுப் பேச்சு நடந்தாலும், பிள்ளை கற்றுக்கொள்வது டம்ளரைத்தான்.

வயதுக்குத் தக்கபடி காரணம் சொல்லுங்கள். மூன்று வயதில் "அடிச்சா அவனுக்கு வலிக்கும்" போதும். எட்டு வயதில் "நீ அவன் இடத்துல இருந்தா?" என்று கேட்கலாம். பதின்மூன்று வயதில் பிள்ளை எதிர்வாதம் செய்யும்; செய்யட்டும். நம்பிக்கையுள்ள வீட்டில் இதோடு "ஆண்டவருக்குப் பிடிக்காது", "அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று சேர்த்துச் சொல்வார்கள். சொல்லட்டும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், பின்னாளில் நம்பிக்கை போனாலும் நடத்தை கூடவே போகாது.

மதம் இருந்தால்தானே சேவை மனப்பான்மை வரும்? சி.எம்.சி.யைப் பாருங்களேன்.

பார்க்கலாம். சி.எம்.சி.யை (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை) தொடங்கிய ஐடா ஸ்கடர் மிஷனரிக் குடும்பத்துப் பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வலியில் இருந்த மூன்று பெண்களுக்காக ஆட்கள் வந்து அவரை அழைத்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை, அவருடைய அப்பாதான் டாக்டர். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. இந்தக் கதையில் அவரைத் திரும்ப வரவைத்தது அவருடைய விசுவாசம். அந்தப் பெண்களைச் சாகவிட்டதும் ஆசாரம்தான். அவர்களில் பிராமண வீடும் இருந்தது, முஸ்லிம் வீடும் இருந்தது. ஆகவே மதம் நல்லதா கெட்டதா என்ற ஒற்றைக் கேள்வி இங்கே உதவாது.

கடவுள் இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன பெரியார் கடைசி மூச்சு விட்டது அதே சி.எம்.சி.யில், 1973 டிசம்பர் 24 அன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கிறிஸ்தவ ஆஸ்பத்திரி அவரைப் பார்த்துக்கொண்டது, அவரும் அங்கே போனார். பெண்கள் படிக்க வேண்டும், தங்கள் உடம்பைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று அவர் பேசியதும், பெண்களுக்கு டாக்டர் வேண்டும் என்று ஐடா ஸ்கடர் செய்ததும் வெவ்வேறு கதவு வழியாக ஒரே வீட்டுக்கு வந்தவை. எங்கள் வீட்டில் இரண்டு பேர் கதையும் சொல்வோம். கணவர் ஒன்று, நான் ஒன்று.

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லலாமா? நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?

சொல்லாதீர்கள். நம்பாதவள் என்பதால் இதைச் சொல்லவில்லை. என் கணவரும் இதைத்தான் சொல்கிறார். முதலில், அது பொய். பிள்ளை பொய் சொல்லும், கண் நன்றாகவே இருக்கும், அன்றோடு உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். அடுத்து, அம்மைக் கொப்புளமோ கண்வலியோ வந்தால் "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று பிள்ளை ராத்திரியெல்லாம் யோசிக்கும். நரகம், எரிகிற எண்ணெய்க் கொப்பரை, கப்ரு (கல்லறை) வேதனை எல்லாமே இதில் சேர்த்திதான். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அந்தப் படங்கள் வேண்டாம்.

குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குக் கூட்டிப் போனோம். "சாமி சொன்னா நீயும் என்னை வெட்டுவியா?" என்று மகன் கேட்டான். என்ன சொல்வது?

என் ஊர்த் திருவிழா, ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வந்து கோவிலில் உடலோடு சேரும். பின்னால் இருக்கிற கதை ரேணுகாவின் கதை. ஜமதக்னி முனிவர் கோபத்தில் தன் மகன் பரசுராமனிடம் "உன் தாயை வெட்டு" என்கிறார். மகன் வெட்டிவிடுகிறான். சின்ன வயதில் எனக்கு அந்தக் கூட்டத்தில் தேங்காய் உடைக்கிற சத்தம்தான் பெரிதாகத் தெரிந்தது. கதை உறைத்தது பிறகுதான்.

"அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று அடக்கினால் பிள்ளை கேட்பதை நிறுத்துமே தவிர நினைப்பதை நிறுத்தாது. முதல் வேலை, நேரடியாகப் பதில் சொல்வது: "மாட்டேன். யார் சொன்னாலும் மாட்டேன்." நம்புகிறவர்களும் இதைச் சொல்லலாம், சாமிக் குற்றம் ஆகாது.

பிறகு கதையை முழுசாகச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்த மகனுக்கு அப்பா வரம் தருகிறார். அவன் கேட்பது "என் அம்மாவைத் திருப்பிக் கொடு" என்பதை. பக்கத்து வீட்டில் பக்ரீத்துக்குச் சொல்கிற கதையும் இப்படித்தான் போகிறது: இப்ராஹீம் நபி மகனை அறுக்கத் துணிகிறார், கடைசி நொடியில் கை தடுக்கப்படுகிறது, ஆடு வருகிறது. பைபிளில் ஆபிரகாம், ஈசாக்கு. இஸ்லாமிய வழக்கில் மகன் இஸ்மாயீல். ஒன்றில் கை பாதியில் நிற்கிறது, மற்றதில் செய்ததைத் திருப்பிக் கேட்கிறான். கீழ்ப்படிதலைப் பற்றிய கதைகள்தான். ஆனாலும் எதுவும் வெட்டோடு முடியவில்லை என்பதைப் பிள்ளைக்குக் காட்டலாம்.

பெரியவள் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "முதல்லயே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். கதையிலேயே பரசுராமனின் அண்ணன்கள் மாட்டோம் என்றவர்கள்தான். அதற்காக அப்பாவிடம் சாபம் வாங்கியவர்கள். அவர்களுக்குத் திருவிழா இல்லை. அவளுக்கு அந்த அண்ணன்களைப் பிடித்துப்போய்விட்டது.

ஒருவர் நம்புகிறார், மற்றவர் நம்பவில்லை. பிள்ளை குழம்பாதா?

ஒருவர் தூங்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கிறார், இன்னொருவர் மூடுகிறார். அதில் குழம்பாத பிள்ளை இதிலும் குழம்பாது. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் மட்டம் தட்டினால்தான் பிள்ளைக்குச் சிக்கல். "அப்பா ஜெபம் பண்றார், எனக்கு அந்த நம்பிக்கை இல்ல, வளர்ந்ததும் நீ யோசிச்சு முடிவு பண்ணு" என்ற வாக்கியத்தை எங்கள் வீட்டில் இருவருமே சொல்வோம், பெயரை மட்டும் மாற்றி. பிள்ளையை வாக்கெடுப்புக்கு இழுக்காதீர்கள். "நீ அம்மா கட்சியா, அப்பா கட்சியா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அதை அங்கேயே நிறுத்துங்கள்.

மொட்டை, காதுகுத்து, ஞானஸ்நானம், சுன்னத்: தாத்தா பாட்டி வற்புறுத்துகிறார்கள். விட்டுக்கொடுக்கலாமா?

முடி வளர்ந்துவிடும். குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதில் பாதி மதம், பாதி உறவு. நாங்கள் மொட்டைக்குச் சரி என்றோம். எங்கள் குழந்தையின் ஆயாவுக்கு (என் அம்மாவுக்கு) அது பெரிய விஷயம். மாமியார் ஞானஸ்நானம் கேட்டார். அதில் பிள்ளை சார்பில் உறுதிமொழி கொடுக்க வேண்டும், எனக்கு வாயில் வரவில்லை. சி.எஸ்.ஐ. சபையில் பெரியவர்களான பிறகு தாமே விரும்பி எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதைக் கணவரே தன் அம்மாவிடம் எடுத்துச் சொன்னார். அவரவர் பெற்றோரிடம் அவரவர் பேச வேண்டும் என்பது எங்கள் விதி. மருமகள் பேசினால் அது வேறு சண்டையாகிவிடும்.

உடம்பில் நிரந்தரமாக மாறுகிற எதற்கும் அப்பா அம்மா இருவரும் மனதார ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், தேர்ந்த டாக்டர் செய்ய வேண்டும். அதற்கு மேல் உங்கள் குடும்ப முடிவு.

பள்ளியில் காலை ஜெபம் இருக்கிறது. பிள்ளை சொல்ல வேண்டுமா?

அரசியலமைப்பின் 28-வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதப் போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற மற்றப் பள்ளிகளில் மதப் போதனையிலோ வழிபாட்டிலோ பிள்ளை கலந்துகொள்ள வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். 1986-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் உண்டு: கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி நீக்கியது. திரும்பச் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம்.

ஆனால் சட்டப் புத்தகத்தோடு பள்ளிக்குப் போகாதீர்கள். இந்த ஊரில் மிஷன் பள்ளியில் படித்த இந்துப் பிள்ளைகள் எத்தனை தலைமுறை! குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணனே இங்கே ஊரிஸ் கல்லூரியில் படித்தவர்தான். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" மனப்பாடமாகத் தெரிந்த சிவ பக்தர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அமைதியாக நின்றால் போதும் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

பள்ளிப் படிவத்தில் மதம், சாதி இடத்தைக் காலியாக விடலாமா?

விடலாம். பெற்றோர் விரும்பினால் மாற்றுச் சான்றிதழில் சாதி இல்லை, மதம் இல்லை என்று போடவோ அந்த இடத்தைக் காலியாக விடவோ 1973-லேயே தமிழக அரசு ஆணை இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் பலருக்கு அது தெரியாது. கம்ப்யூட்டர் ஏற்காது என்பார்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

இதில் நம் பகுதிக்கு ஒரு பெருமை உண்டு. திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சினேகா சாதி, மதம் அற்றவர் என்று 2019 பிப்ரவரியில் வட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்கினார். இந்தியாவிலேயே முதலாவது என்று செய்தி வந்தது. அப்போது திருப்பத்தூர் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அவருடைய பெற்றோர் முதல் வகுப்பிலிருந்தே அந்த இடங்களைக் காலியாக விட்டவர்கள். அவருடைய தங்கைகளின் பெயர்கள் மும்தாஜ், ஜெனிபர். பல ஆண்டு விண்ணப்பித்த பிறகே அந்தத் தாள் கைக்கு வந்தது.

ஆனால் இதைப் படித்து உற்சாகத்தில் உடனே பேனாவை எடுக்காதீர்கள். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இட ஒதுக்கீடு இல்லை, பொதுப் பிரிவுதான். தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட குடும்பம், முதல் பட்டதாரி வரப்போகிற குடும்பம் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சாதியை மனதில் வைத்திருப்பதும் சான்றிதழில் வைத்திருப்பதும் ஒன்றில்லை. சாதியால் ஒருபோதும் நஷ்டப்படாதவர்கள் முதலில் காலியாக விடட்டும். நாங்கள் மதத்தை விட்டோம், சாதிச் சான்றிதழை வாங்கிவைத்திருக்கிறோம். பெரியவளுக்கு 18 ஆனதும் அவளே முடிவு செய்யட்டும்.

இரு மதத்தினர் கல்யாணம் செய்தால் பிள்ளைக்குச் சட்டச் சிக்கல் வருமா?

சிறப்புத் திருமண சட்டம், 1954-ன்படி பதிவு செய்திருந்தால் வராது. அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு கையெழுத்துப் போட வேண்டும். யாரும் மதம் மாற வேண்டாம். கணவன் மனைவி வெவ்வேறு மதமாக இருந்தால் சொத்துரிமைக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 பொருந்தும். சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழகத்தில் அண்ணா ஆட்சியில் சட்ட ஏற்பு கிடைத்தது. ஆனால் அது இந்துத் திருமணச் சட்டத்துக்குள் செய்த திருத்தம். ஒருவர் முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ இருந்தால் அந்த வழி உதவாது. இது தெரியாமல் மாலை மாற்றிவிட்டுப் பிறகு பதிவு அலுவலகத்தில் விழிக்கிறவர்கள் உண்டு.

நண்பன் வீட்டுப் பிரியாணி, நம் வீட்டுப் பிரசாதம். யாருக்கு எதைக் கொடுக்கலாம்?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். நம் ஊரில் பண்டிகை என்றால் பாத்திரம் தெருவைக் கடக்கும்: ஆம்பூர் சொந்தக்காரர் வீட்டிலிருந்து கத்தரிக்காயோடு பிரியாணி, இங்கிருந்து கொழுக்கட்டை, டிசம்பரில் கேக். ஆனால் சாமிக்குப் படைத்ததைச் சில முஸ்லிம் வீடுகளிலும் சில பெந்தெகொஸ்தே வீடுகளிலும் சாப்பிட மாட்டார்கள். அது நம்மை அவமதிப்பதில்லை. படைப்பதற்கு முன்பே அவர்களுக்கென்று தனியாக எடுத்துவைத்தால் போச்சு. அதேபோல் ஹலால் இல்லாத கறியைச் சொல்லாமல் பரிமாறுவதும், சைவப் பிள்ளைக்கு "ஒரு வாய் சாப்பிட்டா என்ன" என்று ஊட்டுவதும் ஏமாற்று வேலை. சின்னவன் இதில் கெட்டிக்காரன், "இது படைச்சதா?" என்று அவனே கேட்டுவிடுகிறான். அவன் நண்பனுக்காக இல்லை, தனக்கு எவ்வளவு மிச்சம் கிடைக்கும் என்ற கணக்கு.

மயானக் கொள்ளைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

மகா சிவராத்திரி முடிந்ததும் பாலாற்றங்கரையில் காளி வேடமும் அங்காளம்மன் தேரும் பார்க்க வேண்டிய காட்சி. ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம், பயந்துவிடும். அதற்கு மேல் என்றால், வேடம் போடுகிறவர்கள் ஒப்பனை செய்துகொள்கிற இடத்தில் முதலில் காட்டுங்கள். நீல வண்ணம் பூசிக்கொண்டு டீ குடிக்கிற காளியைப் பார்த்த பிள்ளை பிறகு அலறாது.

தாத்தா செத்துப்போனார். எங்கே போனார் என்று கேட்கிறது.

"தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள். பிள்ளை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால் வாசலில் காத்திருக்கும். இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்யவில்லை, இனி வர மாட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, நம்புகிறவர் தான் நம்புவதைச் சொல்லலாம்: "ஆண்டவரிடம் இருக்கிறார் என்று நான் நம்புகிறேன்." நான் "எனக்குத் தெரியல, ஆனா அவர் சொல்லிக்கொடுத்த சைக்கிள் உனக்கு ஓட்டத் தெரியுதே" என்று சொன்னேன். இரண்டு பதிலையும் ஒரே நாளில் கேட்ட பிள்ளை அன்று அழுதது, மறுநாள் விளையாடப் போனது.

வீட்டுப் பெரியவர் வாட்ஸ்அப்பில் வருகிற வெறுப்புச் செய்தியைப் பிள்ளை முன் படிக்கிறார்.

அங்கேயே, பிள்ளை காதுபட, மரியாதை குறையாமல் மறுத்துவிடுங்கள்: "மாமா, இது உண்மையான்னு பார்க்கலாம்." தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் பிள்ளைக்கு மறுப்பு தெரியாது, செய்தி மட்டும்தான் தெரியும். அப்புறம், பிள்ளைக்கு அந்த மதத்தில் பெயர் தெரிந்த மனிதர்கள் இருக்க வேண்டும். வேலூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் பகுதி இது. இங்கேயே வளர்ந்தும் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் கால் வைக்காத பிள்ளை இருக்கிறது என்றால் அது பிள்ளையின் தவறில்லை.

நம்பிக்கை இல்லாமல் வளர்த்தேன், கல்லூரிக்குப் போய்ப் பக்தியோடு வந்து நிற்கிறாள். அல்லது நேர்மாறாக.

இரண்டுமே நடக்கும். மனசாட்சிச் சுதந்திரம் 25-வது பிரிவில் உங்களுக்குக் கிடைத்த மாதிரியே அவளுக்கும் கிடைத்திருக்கிறது. மாலை போட்டால் வீட்டில் ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுங்கள். நோன்பு வைத்தால் விடியுமுன் அலாரம் வைத்து எழுப்பிவிடுங்கள். மூன்று விஷயம் நடந்தால் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும்: பழைய நண்பர்கள் எல்லோரையும் ஒரேயடியாக வெட்டிவிடுவது, கைக்காசு முழுவதையும் ஒரே இடத்தில் கொடுப்பது, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்தையோ தாயத்தையோ மட்டும் நம்புவது. மூன்றாவதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பக்தியான வீட்டில் பிள்ளை நம்பிக்கையை விட்டால், வழிபாட்டை விட்டுவிட அனுமதியுங்கள், வீட்டு வேலையை விட அனுமதிக்காதீர்கள். எங்கள் பெரியவள் தாத்தா திதிக்கு வாழை இலை வாங்கி வருகிறாள். ஐயர் மந்திரம் சொல்லும்போது மாடியில் உட்கார்ந்து படிக்கிறாள். ஆயாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இலை கிழியாமல் வந்தால் போதும் என்கிறார்.